கூஸ் வாத்தும் சும்மா இருக்காத என் கையும்

முதல் வருஷம் ஒன்பது முட்டை அடை வைத்தேன். ஒன்பதும் கூமுட்டை.

கோழி வளர்த்த தைரியத்தில் கூஸ் வாத்துக்கு இறங்கினால் இப்படித்தான் ஆகும். மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும் என்று கேள்விப்பட்டு, அந்தக் கணக்கிலேயே நான்கு வாங்கியிருந்தேன். எதற்கும் ஒரு வயது நிறைந்திருக்கவில்லை. முட்டை வந்துவிட்டதே, குஞ்சும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பருவத்து முட்டைகளில் கரு பிடிப்பது குறைவு, இரண்டாம் வருஷத்தில்தான் தேறும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. போதாததற்கு, இவை சேவல் மாதிரி கிடையாது. எங்கள் ஆணுக்கு மூன்றில் ஒருத்தியைத்தான் பிடித்திருந்தது. மற்ற இரண்டும் கிட்டே வந்தாலே கழுத்தை நீட்டிக்கொண்டு விரட்டுவான்.

இதில் என் பங்கும் உண்டு. முட்டையில் சேறு ஒட்டியிருந்தது என்று ஒன்பதையும் அலசித் தேய்த்துத்தான் வைத்தேன். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. கிருமியை உள்ளே விடாமல் காப்பது அதுதான். அதைத்தான் அத்தனை அக்கறையாகக் கழுவி விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் முட்டையைத் தொடுவதில்லை, வைக்கோலை மட்டும் அடிக்கடி மாற்றுகிறேன்.

இரண்டாம் வருஷம் கொஞ்சம் புத்தி வந்தது. கனமான பறவைகள் இணைசேர தண்ணீர் இருந்தால் சுலபம் என்பதால் பெரிய தொட்டி ஒன்று வைத்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற கணக்கில் முட்டை வந்தது. ஒவ்வொன்றும் 150 கிராமுக்குக் குறையாது, உள்ளங்கையில் அடங்காது. இட்டதும் வைக்கோலை இழுத்து மூடிவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி பெட்டை வெளியே போய்விடுவாள். பதினொன்று சேர்ந்த பிறகுதான் நெஞ்சுத் தூவியைப் பிய்த்து மெத்தை போட்டு, நிஜமாகவே அடைக்கு உட்கார்ந்தாள். எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிய வேண்டுமே, அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

எனக்குத்தான் பேராசை. ஆறை அவளிடம் விட்டுவிட்டு ஐந்தை எடுத்து இன்குபேட்டரில் வைத்தேன். 37.5 டிகிரி, முட்டையைப் படுக்க வைத்து நாளைக்கு நாலைந்து தடவை திருப்புவது, முப்பது நாள் பொறுப்பது. இவ்வளவுதானே என்று இருந்தேன். எட்டாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். "அம்மா, சிலந்தி மாதிரி இருக்கு!" என்றாள் மகள். நடுவில் கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பாக நரம்புகள். ஐந்தில் நாலு உயிரோடு இருந்தன.

சூடு வெளியே போய்விடும் என்று இன்குபேட்டர் மூடியை அநாவசியமாகத் திறக்கவே மாட்டேன். அங்கே கூட்டிலோ இவள் தினமும் ஒரு தடவை எழுந்து போனாள். கொஞ்சம் புல் மேய்வாள், தொட்டியில் இறங்கி முங்குவாள், இறகில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து அப்படியே முட்டை மேல் உட்காருவாள். எனக்குப் பதறியது. ஒருநாள் அவள் போன நேரத்தில் முட்டை மேல் பழைய சால்வையைக்கூடப் போர்த்திவிட்டு வந்தேன். திரும்பி வந்தவள் அதை அலகால் இழுத்து வெளியே எறிந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பெரிய முட்டை இது. பாதி நாள் தாண்டினால் உள்ளே வளரும் குஞ்சே சூட்டைக் கிளப்ப ஆரம்பிக்கும். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து விறைக்காமல் இருக்க ஈரமும் வேண்டும். முதல் வாரம் கழிந்ததும் தினம் கால் மணி நேரம் மூடியைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது, அவள் செய்ததை அப்படியே செய்யச் சொல்வதுதான். எனக்கு அது உறைத்தபோது இருபதாம் நாள் ஆகிவிட்டது.

அவளிடம் ஆறில் ஐந்து பொரிந்தன. என்னிடம் நாலில் ஒன்று நடுவிலேயே நின்றுபோனது. இன்னொன்று முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஓட்டில் ஓட்டை விழுந்து அரை நாளாகியும் வெளியே வரவில்லை. பாவம், தவிக்கிறதே என்று நகத்தால் உரித்தேன். ரத்தம் கசிந்தது. அந்த நேரத்தில்தான் சவ்விலிருக்கும் ரத்தம் குஞ்சுக்குள் இறங்கும், மிச்ச மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகும். முதல் விரிசலுக்குப் பிறகு ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். அது தவிக்கவில்லை, வேலையை முடித்துக்கொண்டிருந்தது. நாலாவது பிழைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நான் தூங்கிப் போய்விட்டேன்.

விடிந்து பார்த்தால் மஞ்சளும் சாம்பலுமாக ஈரப் பஞ்சு மாதிரி கிடந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கீச்சென்றது. அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் தாய். கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் இதே கூஸ் குஞ்சுகள் பின்னால் வர நடந்து நடந்து, முதலில் பார்ப்பவரையே தாயாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எனக்குக் கிடைத்தது குளியலறைக் கதவுக்கு வெளியே ஓயாத கீச்சு கீச்சு.

தாயாயிற்றே, ஊட்டிவிடாமல் இருப்பேனா? கோழிக்குஞ்சுத் தீவனத்தைக் கிண்ணம் கிண்ணமாக வைத்தேன். நாலாம் வாரம் பார்த்தால் ஒரு சிறகின் நுனி மட்டும் வெளிப்பக்கம் திரும்பி, விலகிய ஜன்னல் கதவு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புரதமும் சத்தும் அளவுக்கு மிஞ்சினால் வளரும் இறகின் கனத்தை நுனி மூட்டு தாங்காமல் இப்படித் திருகிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே கண்டதால் சிறகை மடித்து டேப் சுற்றி நாலு நாள் விட்டதும் நேரானது. எலும்பு முற்றியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. வெளியே அந்த ஐந்தும் இரண்டாம் நாளே தாயோடு புல் கடிக்கப் போய்விட்டன. ஒன்றுக்கும் சிறகு கோணவில்லை. கூஸ் புல் தின்னும் பிராணி என்பதை ஏட்டில் படித்து வைத்திருந்தவள்தான் நானும்.

ஆறாம் வாரம் அதைக் கூட்டத்தில் விட்டேன். பெட்டைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சேர்த்துக்கொண்டது யார் தெரியுமா? அந்த ஆண்தான். நான் கிட்டே போனதும் எனக்கும் குஞ்சுக்கும் நடுவில் வந்து நின்று சீறினான். என்னை விரட்டிவிட்ட பெருமையில் பெட்டையிடம் ஓடிப்போய், கழுத்தைத் தரையோடு நீட்டி ஊரே கேட்கக் கத்தினான். அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது எனக்கு.

குஞ்சு வளர்ந்த பிறகு குரல் கனத்தது. ஆணுக்குக் குரல் கீச்சென்று மேலே போகும், பெட்டைக்குத்தான் அடிக்குரல். அதை வைத்துத்தான் பெட்டை என்று ஊகித்தோம், அப்புறம் முட்டையிட்டு அவளே நிச்சயப்படுத்தினாள். இத்தனை பெரியவளாகியும் என் செருப்பு வாரைக் கடித்து இழுப்பாள், மடியில் தலையை வைப்பாள்.

போன வாரம் அவள் முதல் தடவையாக அடைக்கு உட்கார்ந்தாள், எட்டு முட்டை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைக்கலாம் என்று கையை நீட்டினேன். கழுத்தைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, என்னைப் பார்த்துச் சீறினாள். கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.