அந்தச் சாய்கோடு

"தம்பி, நான் எழுதிக் குடுத்த தாள்ல அந்தக் கோடு இருந்துச்சா, விட்டுட்டேனா?" என்று பிரெஞ்சு டீச்சர் கேட்டார். "பாத்துச் சொல்றேன் டீச்சர்" என்றேன். பார்க்கத் தேவையே இல்லை. தாள் என் மேசை டிராயரில்தான் இருந்தது. கோடும் இருந்தது, நீல மையில், அழுத்தமாக.

கருவாட்டுக்கு அவர் எழுதியிருந்தது 'புவாசோன் சலே', உப்பிட்ட மீன். கடைசி 'e' எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு. அது போனால் சொல் 'சால்' ஆகிவிடும். அழுக்கு என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஹோட்டலுக்கு அழுக்கு மீன் என்று மெனு கார்டு அடித்து, லேமினேஷனும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நம் கீபோர்டில் அந்த எழுத்து கிடையாது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு சின்ன எழுத்துக்கு 0233, பெரிய எழுத்துக்கு 0201 அடிக்க வேண்டும். அதுவும் வலது பக்க நம்பர் பேடில் அடித்தால்தான் வரும். அன்று என் கையில் இருந்த லேப்டாப்பில் அது இல்லை. கீபோர்டை யுஎஸ் இன்டர்நேஷனல் அமைப்புக்கு மாற்றினால், ஒற்றை மேற்கோளைத் தட்டிவிட்டு e தட்டினாலே போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் வேர்டில் சிம்பல் பட்டியல் இருப்பது அன்றைக்கே தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"புள்ளி, கோடெல்லாம் விடுங்க தம்பி, புரிஞ்சுக்குவாங்க" என்றார் ஹோட்டல்காரர். "சரிண்ணே" என்றேன். அந்த 'சரி'யைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சொன்னது அவர், உண்மைதான். ஆனால் எழுத்து என் தொழில். ஒரு காலத்தில் நமக்கும் எகரத்தின் மேல் புள்ளி இருந்தால்தான் குறில். ஓலையில் புள்ளியை விட்டுவிட்டால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோல இருக்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று நாம் பள்ளியில் படித்த வீரமாமுனிவர், மதுரை மிஷனுக்கு வந்த இத்தாலியர். எங்கிருந்தோ வந்தவர் நம் எகரத்துக்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். என்னால் அரை மணி நேரம் ஒதுக்க முடியவில்லை.

கார்டில் எல்லாமே பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் குறிகளை விட்டுவிடும் பழக்கம் பிரான்சிலேயே உண்டு, அவர்களுடைய வழக்கமான கீபோர்டிலும் பெரிய எழுத்துக்கு நேரடி விசை இல்லை என்று பிறகு படித்தேன். மனசு கொஞ்சம் லேசானது. பெரிய எழுத்திலும் குறி போடத்தான் வேண்டும் என்று பிரெஞ்சு அகாதமி சொல்வதையும் அப்புறம் படித்தேன். சாப்பிட வந்தவர்கள் உப்பு மீன் என்றே புரிந்துகொண்டிருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்கும் என்று சில நாள் நம்புகிறேன்.

என் செலவிலேயே கார்டுகளை மறுபடி அடித்துக் கொடுத்தேன். ஹோட்டல்காரர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கார்டைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது.

டீச்சரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. அன்று படியிறங்கும்போது, "வயசாகுதுல்ல, நான்தான் விட்டுருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.