சூரியனுக்குள் விழுந்த கோள்

தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்த என் பழைய மாணவன், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன், மைய விசைக் கணக்கு ஒன்றை மேசைமேல் விரித்து வைத்தான். “ரெண்டு நாளா போட்டுப் பார்த்துட்டேன் சார், கோள் சூரியனுக்குள்ளேயே போய் விழுது” என்றான்.

விசை எப்போதும் ஒரே புள்ளியை நோக்கியிருந்தால் அப்புள்ளியைப் பொறுத்து முறுக்கம், அதாவது சுழற்றும் விளைவு, இல்லை. ஆகவே கோண உந்தம் (நிறை, ஆரம், ஆரத்துக்குக் குறுக்கான வேகம் மூன்றின் பெருக்கம்) மாறாது. கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சமப் பரப்பைக் கடக்கும் என்று 1609இல் கெப்ளர் கண்ட சமப் பரப்பு விதி எந்த மைய விசைக்கும் பொருந்தும் என்று 1687இல் நியூட்டன் நிறுவியதும் இதுவே. நான் தூண்டில் நரம்பைப் பேனாக் குழாய்க்குள் நுழைத்து, மேல்முனையில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிச் சுழற்றினேன். (முன்பென்றால் ரப்பர்க் கொட்டையைக் கட்டியிருப்போம், இப்போது ஊரைச் சுற்றிலும் செம்பனைதான்.) கீழ்முனையை இழுத்து ஆரத்தைப் பாதியாக்கினால் வேகம் இரு மடங்கு, கோண வேகம் நான்கு மடங்கு, நரம்பின் இழுவிசையோ எட்டு மடங்கு ஆகிறது. கோளின் ஆரத்துக்கான இயக்கச் சமன்பாட்டிலும், ஆரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் இப்படியே ஏறும் ஓர் உறுப்பு உண்டு; அதுதான் கோளை மையத்தில் விழவிடாமல் தடுப்பது. அவன் தாளில் அதன் குறி மாறிக் கிடந்தது.

பிழை நுட்பமானது, நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். லாக்ராஞ்சியனை (இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து எழுதும் கோவை; அதை வகையிட்டே இயக்கச் சமன்பாட்டைப் பெறுவோம்) எழுதியவுடனேயே, கோண வேகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோண உந்தத்தைக் கொண்டு எழுதிய கோவையைப் பிரதியிட்டிருந்தான். ஆரத்தைப் பொறுத்து வகையிடும்போது கோண வேகத்தை மாறாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்க, அவன் கோண உந்தத்தைப் பிடித்துக்கொண்டான். அதனால் வெளியே தள்ள வேண்டிய உறுப்பு உள்ளே இழுக்கத் தொடங்கிற்று. இயக்கச் சமன்பாட்டை முதலில் பெற்று, பிறகே பிரதியிட வேண்டும். ஆற்றல் சமன்பாட்டில் இந்த அவசரம் கெடுதல் செய்யாது. அங்கே வகையிடும் வேலை இல்லை.

சரிபார்க்க ஒரு வழி உண்டு: வட்டப் பாதைக்கு இடமிருக்கிறதா என்று கேட்பது. ஈர்ப்பு உறுப்பு, இந்த உறுப்பு இரண்டும் உள்நோக்கியே இழுத்தால் எந்த ஆரத்திலும் சமநிலை கிடைக்காது.

குறியைத் திருத்தியதும், 2009 ஜூலையில் ஏவப்பட்ட நம் மலேசியச் செயற்கைக்கோள் ரசாக்சாட்டை எடுத்துக்கொண்டான். உயரம் 685 கிலோமீட்டர், புவியின் ஆரம் 6,378; பாதையை வட்டமெனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 98.5 நிமிடம் என்று வந்தது. கால்குலேட்டரை மூடிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தான்.