தண்ணீர் எங்கே போகிறது?

"காரின் ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைகிறது அண்ணே, ஊற்றி ஊற்றி ஓடுகிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாகிவிடும். ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போகாது. கல்லடிக்கும் மட்டக்களப்பு நகரத்துக்கும் இடையே ஓடும் காருக்கு அது தாங்கலாம். அதே கார் செங்கலடியால் திரும்பி, மகா ஓயா, பிபிலை கடந்து லுணுகலை ஏற்றத்தில் ஏறும்போது சூடேறி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும்.

எஞ்சின் சூடாக இருக்கையில் சிறு ஒழுக்கைத் தேடுவது வீண். துளி நிலத்தில் விழுமுன் காய்ந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அதனால் காரை இரவு கராஜிலேயே விட்டுப்போகச் சொல்வேன். காலையில் ரேடியேட்டரை நிரப்பி, மூடியின் இடத்தில் அழுத்தமானி உள்ள கைப்பம்பைப் பொருத்துவேன். மூடியில் 1.1 என்று இருந்தால் 1.1 பார் அழுத்தம் வரைதான் அடிக்கலாம். பிறகு கால் மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

முள் இறங்கினால் ரோர்ச்சை எடுத்து முதலில், எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்பைப் பாருங்கள். அதன் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் அச்சைத் தாங்கும் பெயரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். துளைக்குக் கீழே கூலன்டின் (தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவத்தின்) இளஞ்சிவப்புப் படிவு கோடாக இறங்கியிருந்தால், ஈரம் தெரியாவிட்டாலும் பம்பை மாற்றுங்கள். அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்த பம்ப் ஒன்றைக் கழற்றினேன். பெயரிங் துருவேறி உடைந்திருந்தது. அடைத்தவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

வெளியே எங்கும் ஈரம் இல்லையா? முன் இருக்கையின் கால் விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் ஒழுகினால் அங்கேதான் நனையும். எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறமாகியிருந்தால், பெரும்பாலும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கட்தான் பழுது. அந்தக் காரை ஓட்டாதீர்கள், இழுத்து வாருங்கள்.

மூடியையும் சோதிக்க வேண்டும். அது அழுத்தம் தாங்காவிட்டால், 120 பாகையிலும் கொதிக்காமல் நிற்க வேண்டிய திரவம் 100ஐ ஒட்டியே கொதித்துவிடும்.

பழுதைத் திருத்திய பிறகு மறுபடியும் அழுத்தம் அடித்துப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கூலன்டை வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கக் கிணற்று நீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். பழைய கூலன்டை முற்றத்தில் கொட்ட வேண்டாம். இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கும், அது நஞ்சு.