நட்டுவாக்காலிக்கு வீடு கட்டிய கதை: முதல் பெட்டியும் இரண்டாவது பெட்டியும்

மழை பிடிப்பதற்கு முன், மே கடைசியில், பர்மாவில் பெகு பக்கம் மாமா வீட்டுக் களத்தில் பழைய மரக்கட்டைகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றின் அடியில் ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது ஒரு நட்டுவாக்காலி. கருப்பில் கொஞ்சம் நீலம் ஓடியது. விரல் நீளம்கூட இல்லை. இன்னும் தோலுரித்து வளரவேண்டிய இளசு. ஹெட்டரோமெட்ரஸ் என்ற பெரிய கருந்தேள் பேரினத்தைச் சேர்ந்தது. மாமா வெட்டுக்கத்தியை எடுப்பதற்குள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்துக்கொண்டேன்.

ரங்கூன் வந்து சேர்ந்ததும் அப்பத்தா வாசலிலேயே மறித்தார். "விஷ ஜந்துவையாடா வீட்டுக்குள்ள வளப்பாங்க? கொட்டிப்புட்டா என்ன பண்ணுவே?"

அவர் கேட்டது நியாயம். இந்தப் பெரிய கருந்தேள்களின் விஷம் பொதுவாகத் தேனீ கொட்டின அளவுதான். ஆனால் ஒவ்வாமை உள்ள உடம்புக்கு அதுவே ஆபத்தாகிவிடும். அதனால் கையால் தொடுவதில்லை, பெட்டிக்குப் பூட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரி என்று மூன்று வாக்குக் கொடுத்தேன். அப்புறம்தான் வழி விட்டார்.

முதல் பெட்டியில் எல்லாமே தப்பு. வீட்டில் கிடந்த இரண்டடி மீன்தொட்டியில் 3 சென்டிமீட்டர் ஆற்றுமணல், அழகுக்குக் கற்கள், ஒரு மரப்பட்டை, மேலே நாலே நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகை. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அது ராத்திரி முழுக்கக் கண்ணாடியோரமாகவே நடந்தது. மூலையில் கண்ணாடியை ஒட்டியிருந்த சிலிக்கோன் பசையில் கால் பதித்து மேலே ஏறப் பார்த்தது. மண்ணைத் தோண்டி உள்ளே போகிற பிராணிக்கு நான் மைதானம் கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூனில் மழை இறங்கியது. ரங்கூன் மழைதான் தெரியுமே, துவைத்த லுங்கிகூட மூன்று நாள் காயாது. ஒரு வாரத்தில் மரப்பட்டை மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். தின்னாமல் விட்ட சுவர்க்கோழி ஒன்று செத்துக் கிடந்த இடத்தில் ஊசிமுனை அளவு உண்ணிகள் மொய்த்தன. தேளுக்கு மூச்சு வயிற்றுப் பக்கமிருக்கும் நாலு ஜோடிப் புத்தக நுரையீரல்கள் (புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கான உறுப்புகள்) வழியாகத்தான். அது படுத்திருக்கிற மண் அழுகினால் அந்த நாற்றத்திலேயேதான் மூச்சு விடவேண்டும். அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இரண்டாவது பெட்டியைக் கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர். அகலம் போதும், ஆழம்தான் வேண்டும். தேங்காய் நார்த்தூளும் தோட்டத்து மண்ணும் சரிபாதி கலந்து 15 சென்டிமீட்டர் நிரப்பி அழுத்தினேன். ஈரம் பார்க்க ஒரு சுலபமான வழி: ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் கொழுக்கட்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். எதிர் மூலை காய்ந்தே இருக்கும். எங்கே இருப்பது என்று அதுவே தேர்ந்துகொள்ளட்டும்.

மூடிக்கு எஃகு வலை. பிளாஸ்டிக் கொசுவலையைச் சுவர்க்கோழி கடித்தே ஓட்டை போட்டுவிடும். பக்கவாட்டிலும் காற்றுத் துளைகள் உண்டு. பூந்தொட்டிக்கு அடியில் இருக்குமே, தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சி, அதில் பத்துப் பன்னிரண்டைப் பிடித்து மண்ணில் விட்டேன். மக்கினதைத் தின்று அவை பெட்டியைச் சுத்தமாக வைக்கின்றன. வெந்நீர்ப்பை, சூட்டுத் தட்டு எதுவும் இந்த ஊருக்குத் தேவையில்லை. தேள் சூடு தாங்காமல் கீழே தோண்டும்போது அடியிலிருந்தே சூடு வந்தால் அது எங்கே போகும்?

சாய்த்து வைத்த மரப்பட்டைக்கு அடியில் குச்சியால் ஒரு குழி மட்டும் தொடங்கிக் கொடுத்தேன். அன்று ராத்திரியே வேலையை ஆரம்பித்துவிட்டது. இடுக்கிகளால் மண்ணைத் தளர்த்தி, கால்களால் வாரி, பின்பக்கமாக நடந்து வந்து வாசலில் கொட்டியது. காலையில் பட்டைக்கு முன்னால் ஒரு கைப்பிடி மண் குவிந்திருந்தது. மூன்றாம் நாள் சுரங்கம் கண்ணாடித் தரையைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு கண்ணாடியோரமாக நடந்ததே இல்லை.

தீனிக்குச் சிரமமில்லை. பர்மாக்காரர் வறுத்து விற்கும் பயிட் இந்தச் சுவர்க்கோழிதான். வளர்ப்பவர்களிடம் உயிரோடு வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒன்று போதும். தின்னாவிட்டால் மறுநாள் காலையே நீண்ட இடுக்கியால் எடுத்துவிடுவேன்.

செப்டம்பரில் தீனியை நிறுத்தியது. சுரங்க வாசலையும் உள்ளேயிருந்து மண்ணால் அடைத்துக்கொண்டது. பட்டையைத் தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் தோலுரிக்கும் நேரத்தில் கலைத்தால் பாதியிலேயே சிக்கிச் செத்துப்போகும். மூலையில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு விலகிக்கொண்டேன்.

இருபதாவது நாள் ராத்திரி மின்சாரம் போயிருந்தது. பண நோட்டுச் சோதிக்கிற புற ஊதா டார்ச்சைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன். தேளின் மேல்தோல் அந்த ஒளியில் பச்சையும் நீலமுமாக மின்னும். அடித்தரைக் கண்ணாடியோரம் முழு உருவம் ஒன்று பளபளத்தது, ஆனால் அசையவில்லை. நெஞ்சு ஒரு கணம் நின்றது. பக்கத்தில் சாதா டார்ச்சை அடித்தேன். வெளிறிய பால் நிறத்தில், மங்கலாக, இன்னொன்று மெல்லக் கால் நீட்டியது. மின்னியது கழற்றிப் போட்ட சட்டை! புதுத்தோல் இறுகும்வரை அதற்கு அந்த ஒளிர்வு வராது.

வட பர்மாவின் கச்சின் மலை அம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசினில்) சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தின தேள்கள் அப்படியே உறைந்து கிடைத்திருக்கின்றன. அதே கொடுக்கு, அதே இடுக்கி. அந்தப் பரம்பரையில் ஒன்று என் அலமாரியில் புதுத்தோலோடு படுத்திருந்ததை அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பச்சப்புள்ள மாதிரியில்ல இருக்கு" என்று கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

நாளுக்கு நாள் பழுப்பாகி, பிறகு கறுத்தது. பன்னிரண்டாம் நாள் வாசல் மண்ணைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்கு ஒரு சிறிய சுவர்க்கோழியாகப் பார்த்துப் போட்டேன்.