கயிலை வலமும் கஞ்சிக் கிண்ணமும்

பிள்ளை வரம் கிடைத்ததற்கு நேர்த்திக்கடன் செலுத்த வருபவர், அப்பாவின் நிறைவேறாத ஆசையைச் சுமந்து வருபவர், அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பிய தம்பதி என்று கயிலாயக் குழுக்களில் பலரும் இருப்பார்கள். "பரிக்ரமா (கயிலை வலம்) முடியும்வரை அன்னம் தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொண்ட ஒருவரும் இருப்பார். வலப்பாதையின் உச்சிக் கணவாயான டோல்மா லா ஏறும் நாளில் தள்ளாடி உட்காருபவர் பெரும்பாலும் அவர்தான். பிரதோஷ உபவாசத்தை ஊரில் வைத்துக்கொள்ளலாம். அங்கே பசிக்காதபோதும் சாப்பிடுவதுதான் விரதம், அதுவும் கடுமையான விரதம்.

மானசரோவர் கரை சுமார் 4,590 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 58 சதவீதம்தான். 5,630 மீட்டரில் டோல்மா லா உச்சியில் அது பாதியாகிவிடும். பசி மந்திக்கும், வாய் கசக்கும், ஆனால் குளிரிலும் ஏற்றத்திலும் உடம்பு வழக்கத்தைவிட அதிகமாகச் செலவழிக்கும். கொழுப்பை எரிப்பதைவிட மாவுச்சத்தை எரிக்க ஆக்சிஜன் குறைவாகப் போதும். அதனால் கஞ்சி, குழைந்த சாதம், உப்புமா, உருளைக்கிழங்கு, வெல்லம் இவையே மலைக்கு ஏற்றவை. நெய் ஒழுகும் பொங்கலும் பூரியும் செரிக்காமல் கிடக்கும். உயரத்தில் குடலிலுள்ள வாயுவும் விரியும் என்பதால் இரவில் ராஜ்மா, கொண்டைக்கடலை வேண்டாம். பாசிப்பருப்பு போதும்.

அங்கே தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் வேகாது, அரிசி வெளியே குழைந்து நடுவில் நறுக்கென்று நிற்கும். "தினமும் இட்லி, தோசை" என்று ஏஜெண்ட் சொன்னால் மயங்காதீர்கள், அந்தக் குளிரில் மாவு புளிக்காது. எத்தனை குக்கர் வருகிறது, எத்தனை பேருக்கு எத்தனை சமையல்காரர் என்று கேளுங்கள். பௌர்ணமிக் குழு என்றால் கட்டாயம் கேளுங்கள். புண்ணியம் அதிகம் என்று எல்லோரும் அந்த நாட்களிலேயே முண்டியடிப்பதால் கட்டணம் ஏறும், அறைகள் நிரம்பி வழியும், வரிசையில் கடைசியாக நிற்பவர் தட்டில் சாதம் ஆறிப்போய்த்தான் விழும். குதிரைக்கு வாடகை பேசுவது தனித் தலைவலி. பேசியது ஒன்று, கேட்பது ஒன்று. போகட்டும், சிவன் சொத்து என்று விட்டுவிடலாம். ஆனால் தின்பண்டப் பையை மட்டும் குதிரையில் ஏற்றிவிடாதீர்கள். குதிரை முன்னே போய்விடும், நீங்கள் பசியோடு பின்னே நிற்பீர்கள்.

நடக்கும் மூன்று நாளுக்கு ஒருவருக்குக் கடலை மிட்டாய் பத்துப் பன்னிரண்டு (25 கிராம் துண்டுகள்), பேரீச்சை 300 கிராம், முந்திரி, உலர்திராட்சை 200 கிராம், கற்கண்டு 100 கிராம், சத்துமாவு கால் கிலோ, ஓ.ஆர்.எஸ். ஆறு பொட்டலம் வேண்டும். வாய்க்கசப்புக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும். சாக்லேட் குளிரில் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும்.

தண்ணீர் நாளைக்கு மூன்று நான்கு லிட்டர். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், அதற்குமேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறையும். சூப்பும் ஓ.ஆர்.எஸ்.ஸும் இடையிடையே சேரட்டும். ஓடை நீரை மூன்று நிமிடம் கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும். மேற்பரப்பில்தான் முதலில் உறையும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக, ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். தினமும் காபி குடிப்பவர்கள் அங்கே போய்த் திடீரென்று நிறுத்தினால் வருகிற தலைவலி, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் போலவே இருந்து குழப்பும், எனவே ஒரு வேளையாவது குடித்துவிடுங்கள். பூண்டு சூப் அமிர்தம் என்பார்கள். சூடும் உப்பும் உள்ளே போகிறதே, அதுவே நல்லது. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும், ஆனால் உடம்பில் ஆக்சிஜன் அதிகமாகாது.

சாப்பாடு பிடிக்காமல் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் அது மலைநோய். வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்கியாக வேண்டும். மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை மருத்துவர் சொன்னபடி மட்டும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடக்கக் கூடாது, இன்சுலின் உறையாமல் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். முதல் நாள் நடை முடியும் திராபுக்கிலேயே திரும்பச் சொன்னால் அழ வேண்டாம். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து உருண்டு போன அப்பர் பெருமானையே திருப்பி அனுப்பித் திருவையாற்றில் கயிலைக் காட்சி தந்தவன் அவன்.

அந்தத் திராபுக்! சுமார் 5,000 மீட்டரில், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து நிமிர்ந்தால் கயிலையின் வடக்கு முகம் முழுதாக எதிரே நிற்கிறது. மேகம் விலகும், மூடும், மறுபடி விலகும். தேவாரம் பாட வாயெடுத்தால் மூச்சு இரண்டு வரிக்குமேல் வராது. அழுகைதான் வரும். இதற்காகத்தானே இத்தனை தூரம் என்று நிற்கையில் சமையல்காரப் பிள்ளை தக்காளி சூப்பை நீட்டுவார். வேண்டாம் என்று கையசைப்பவர்களே அதிகம். வாங்கிக் குடியுங்கள். ஐயனைப் பார்த்துக்கொண்டே குடியுங்கள், அதுவும் அவன் கொடுப்பதுதான். மறுநாள் விடிவதற்குள் கிளம்பி இருபது கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். வெல்லம் போட்ட கஞ்சியும் அரை லிட்டர் வெந்நீரும் உள்ளே போகாமல் புறப்படக் கூடாது. பிறகு முக்கால் மணிக்கொரு தரம் ஒரு கடலை மிட்டாய் அல்லது நான்கு பேரீச்சை. வழியில் தேநீர்க் கூடாரம் இருந்தால் லாபம், நம்பிப் போகாதீர்கள். உச்சியில் கற்கண்டும் திராட்சையும் நிவேதித்து, பிரசாதத்தை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்துக்குள் கௌரி குண்டம் குளத்தின் பக்கம் இறங்கத் தொடங்குங்கள்.

நமக்கு முன்னால் எழுந்து, பனியில் அடுப்பு மூட்டி, நாம் மிச்சம் வைத்ததைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுகிற அந்த நேபாளப் பிள்ளைகளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். அவர்களுக்கான அன்பளிப்பைப் பொது உறையில் சேர்க்காமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.