ஸ்கோப் வளையத்தில் நான் கோட்டை விட்டது

ஆயிரம் கஜ இலக்குக்கு என் .308 துப்பாக்கியைத் தயார் செய்தபோதுதான், அதன் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறியை ஏற்றி இறக்கும் திருகின் அளவு போதாது என்று தெரிந்தது. மொத்தம் 60 எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவு) என்றால் நடுவிலிருந்து மேலே கிடைப்பது 30 தான், அந்தத் தூரத்துக்கு 35-க்கு மேல் வேண்டும்.

சரி என்று, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் பர்ரிஸ் சிக்னேச்சர் வளையம் வாங்கினேன். அதன் பிளாஸ்டிக் உள்வளையங்களில் துளை மையம் விலகி இருக்கும், எவ்வளவு என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் எண்ணாகக் குறித்திருக்கும். பின்வளையத்தில் +20-ஐக் கீழேயும் -20-ஐ மேலேயும் வைத்தால் ஸ்கோப்பின் பின்பக்கம் 0.020 அங்குலம் உயரும், வளையங்களுக்கு நடுவே 4 அங்குலம் இருந்தால் மேலே சுமார் 17 எம்ஓஏ கூடுதலாகக் கிடைக்கும். நான் முதல் தடவை அதை முன்வளையத்தில் மாட்டித் தொலைத்தேன், 100 கஜத்தில் குண்டு ஒன்றரை அடி கீழே போய் விழுந்தது!

அப்புறம் கழற்றி மாற்றினேன். வளையத் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் திருகுசாவி) இல்லாமல் கை வைக்காதீர்கள்.