அந்தமானில் ஸ்கூபா: ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தீவுப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது முதல் நாளிலிருந்து எழுத ஆரம்பிப்பதுதான் வழக்கம். ஸ்கூபா முக்குளிப்புக்கு அது சரிப்படாது. ஊர் திரும்பும் விமானத்தின் நேரத்தை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. கரையேறிய பிறகும் அது மணிக்கணக்கில் மெதுவாகத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் மலையில் இருக்கும் அளவுதான். நைட்ரஜன் வெளியேறி முடியும் முன் விமானம் ஏறினால், கோலி சோடாவைத் திறந்ததுபோல் அது குமிழியாகக் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலியோடு போகும். முதுகுத்தண்டில் கிளம்பினால் கால் விளங்காமல் போகும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. திட்டம் போடுகிறவர் 24 என்றே எழுதிக்கொள்வது நல்லது. நம் கரையில் சிலிண்டர் போட்டுக் குளித்துவிட்டு அன்று மாலையே குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மலையேறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குப் பத்து நாள் வேண்டும். முதல் நாள் சென்னையிலிருந்து போர்ட் பிளேர். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பறக்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று மேல். ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி ரயிலில் வந்து அப்படியே விமானம் பிடித்தவர் அன்று தண்ணீரில் இறங்கவே கூடாது. தூக்கமில்லாத உடம்பு, அடைத்த மூக்கு இரண்டுமே ஆழத்துக்கு ஆகாது. இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், அதாவது இன்றைய ஸ்வராஜ் த்வீப். 3, 4, 5 ஆகிய மூன்று நாளும் பயிற்சி. ஆறாம் நாள் காலையில் இரண்டு டைவ். ஏழாம் நாள் நீல் தீவுக்கு மாறுங்கள். இன்றைய பெயர் ஷாஹீத் த்வீப். அன்று டைவ் வேண்டாம், தொடர்ந்து நான்கு நாள் சேர்த்த நைட்ரஜன் கொஞ்சம் கழியட்டும். எட்டாம் நாள் காலை நீலில் இரண்டு டைவ், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒன்பதாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி செல்லுலார் சிறையைப் பாருங்கள். பத்தாம் நாள் விமானம்.

ஒன்பதாம் நாளை வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். காற்று பலத்தால் தீவுகளுக்கிடையிலான கப்பலை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு முந்தைய நாள் மாலைக் கப்பலை நம்பியிருப்பவர் விமானத்தை விடுவார். அதைவிட மோசம், அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கக் கடைசி டைவை விமானத்துக்குப் பக்கத்தில் தள்ளுவது. நாள் உண்மையிலேயே குறைவாக இருந்தால் நீல் தீவை விட்டுவிடுங்கள், காத்திருப்பை விடாதீர்கள். சென்னைக்குக் கப்பலிலேயே திரும்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை; கடல் மட்டத்திலேயே மூன்று நாள் போகும்.

எந்த மாதம் என்பதை நம் ஊர்க்காரருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. வாடை (வடகிழக்குக் காற்று) வீசும்போது வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வந்தால் தலைகீழ். மண்டபத்திலும் பாம்பனிலும் இதைப் பார்த்துத்தான் படகையே கடல் மாற்றிக் கட்டுகிறார்கள். அங்கேயும் அதே இரண்டு பருவக்காற்றுகள்தான். வேறுபாடு என்னவென்றால், தென்மேற்குப் பருவம் நமக்கு வெறும் காற்று, அந்தமானுக்குக் கொட்டும் மழை; நம்மைவிட முன்னதாக, மே மூன்றாம் வாரத்திலேயே அங்கே அது தொட்டுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். மிச்சமிருப்பது ஜனவரியிலிருந்து மே முதல் வாரம் வரை. விசைப்படகுக் குடும்பத்து இளைஞர்களுக்கு ஒரு வசதி உண்டு: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. அந்த 61 நாளில் முதல் மூன்று வாரம் அந்தமான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

மாதத்தை முடிவுசெய்த பின் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பாருங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். அங்கே இரண்டு மீட்டரைத் தொடும். அந்த நாட்களில் ஆழமான இடங்களில் நீரோட்டம் பிடித்து இழுக்கும். ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அவற்றிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி விழும்படி டிக்கெட் எடுத்தால், பயிற்சியை இப்போதுதான் முடித்தவருக்குச் சிரமம் குறையும்.

இனி இந்தக் கரைக்காரர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது. கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் சங்கு குளிக்கிறவர்களும், பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களும் மூச்சை அடக்கித்தான் கடலுக்குள் போகிறார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கும். ஸ்கூபாவில் ஆளைக் கொல்வது அந்தப் பழக்கம்தான்.

மூச்சடக்கிக் குளிக்கிறவர் மேற்பரப்பில் இழுத்த காற்றோடு இறங்குகிறார். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகி அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். அதனால் நுரையீரல் கிழியும் ஆபத்து இல்லை. சிலிண்டரில் சுவாசிக்கிறவரோ அந்த 10 மீட்டர் ஆழத்திலேயே நுரையீரலை முழுதாக நிரப்புகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. கிழிந்த இடத்திலிருந்து காற்று ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகும். இதற்கு 10 மீட்டர்கூட வேண்டாம்; நிறைந்த நுரையீரலோடு ஒன்றரை மீட்டர் எழுந்தாலே போதும், நீச்சல் குளத்திலேயே நடக்கும். அதனால் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதுதான். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் 'ஆ' என்று மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல குளிகாரருக்கு இது புது ஆளைவிடக் கடினம். பயிற்சியாளரிடம் முதல் நாளே, "எனக்கு மூச்சடக்கும் பழக்கம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தவறும் இதோடு சேர்ந்தே வரும். காலையில் சிலிண்டர் டைவ் முடித்துவிட்டு, மாலையில் சும்மா மூச்சடக்கி ஆழத்துக்குப் போய் விளையாடுவது. உடம்பில் நைட்ரஜன் தேங்கியிருக்கும்போது மேலும் கீழுமாக வேகமாகப் போய்வருவது குமிழிகளைக் கிளப்பும். அன்று மேற்பரப்பில் நீந்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காதும் அப்படித்தான். சங்குக்காரர் தலைகீழாகப் பாய்வார். ஸ்கூபாவில் காலைக் கீழே வைத்து, கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை, வலி வந்த பிறகு அல்ல, தலை முங்கும் முன்பே தொடங்கி ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். முதல் 10 மீட்டரில்தான் காற்று சுருங்குவது அதிகம். குத்தினால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். திறக்காவிட்டால் அன்று டைவ் இல்லை. சளிக்கு மூக்கில் மருந்து அடித்துக்கொண்டு இறங்காதீர்கள். ஆழத்தில் அதன் வேகம் தணிந்தால், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும்போது காதை உடைக்கும்.

பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற ஸ்கூபா பயிற்சி அமைப்புகளின் 'ஓப்பன் வாட்டர்' என்ற முதல் சான்றுக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் வரை அனுமதி. பேடியில் 200 மீட்டர் (மாஸ்க், ஸ்நார்க்கல், துடுப்புக் காலணியோடு என்றால் 300 மீட்டர்) நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். கூடவே மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை எதுவானாலும் 'ஆம்' என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மறைத்து எழுதுவது உயிரோடு விளையாடுவது. ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப், லைட் ஹவுஸ் போன்ற இடங்கள் புதியவருக்குப் போதும். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்றவை ஆழமானவை; 30 மீட்டருக்கான அடுத்த சான்று எடுத்தவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

காற்றுக் கணக்கு எளிது, ஆனால் மனதில் நிற்க வேண்டும். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. அதில் 50 பார், அதாவது 550 லிட்டர், தொடக்கூடாத கையிருப்பு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40, 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார். ஆக 20 மீட்டரில் 1,650 லிட்டர் ஏறக்குறைய 27 நிமிடத்தில் தீரும். பதற்றமாக இருப்பவருக்கு அதில் பாதி நேரம்கூட வராது. நைட்ரஜனுக்கும் எல்லை உண்டு: பேடி அட்டவணைப்படி முதல் டைவில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். ஆழமான டைவை முதலிலும் ஆழம் குறைந்ததை அடுத்தும் வைத்து, நடுவில் ஒரு மணி நேரமாவது மேலே இருங்கள். மேலே ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வாருங்கள்.

இடுப்பு ஈயத்தைக் கூட்டிக்கொள்வது புதியவர் எல்லோரும் செய்யும் பிழை. அதிக ஈயம், அதை ஈடுகட்ட பி.சி.டி. எனும் மிதவை ஜாக்கெட்டில் அதிகக் காற்று, அதனால் ஆழம் மாறும்போதெல்லாம் மேலும் கீழும் தடுமாற்றம். ஜாக்கெட்டைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாக ஆக மிதக்கப் பார்க்கும் என்பதால், டைவ் முடிவில் 50 பார் இருக்கும்போது இதைச் சோதிப்பதே சரியான சோதனை. கிணற்றிலோ குளத்திலோ பழகியபோது போட்ட அளவு கடலுக்குப் பத்தாது.

சொந்தமாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் மாஸ்க் வாங்குங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசை தடிமனாக இருந்தால் நிற்காது. புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைப் பற்பசையால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவினால் பனி படிவது குறையும். பணம் இன்னும் இருந்தால், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். டார்ச்சின் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பைவிட முழுக்கைச் சட்டை உடம்புக்கும் பவளத்துக்கும் நல்லது.

ஊரில் ஒரு மாதம் பழகுவதற்கு இடம் தேர்வுசெய்வது முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் வடகடல் ஆழமில்லாமல் இருக்கும். நீச்சலுக்கும் மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதற்கும் ஏற்றது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பயிற்சிக்களமாக நினைக்க வேண்டாம். அது 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைப்பதும் சுற்றிலும் குளிப்பதும் குற்றம். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே நடத்தும் படகில் போய்ப் பாருங்கள்.

அங்குள்ள பவளத் திட்டுகளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது அவசியம் என்றே நினைக்கிறேன். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போக ஒரு காரணம். பவளம் கல் அல்ல, உயிர். காலின் ஒரு உதை பல வருட வளர்ச்சியை முறிக்கும். அந்தமானிலும் செத்த பவளத்துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது.

லட்சத்தீவை நினைப்பவர்களுக்கு ஒரே குறிப்பு: அங்கே இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே டிக்கெட்.

ஊர் திரும்பியதும் இரண்டு நாள் உடம்பைக் கவனியுங்கள். தோளிலோ முழங்காலிலோ ஆழமான வலி, மரத்துப்போதல், அளவுக்கு மீறிய அசதி, தோலில் திட்டு வந்தால், மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய், ஸ்கூபா டைவ் செய்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். கடைசி மூன்று நாள் டைவ்களின் ஆழம், நிமிடம், மேலே வந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கேட்கும்போது நினைவிலிருந்து சொல்ல வராது.